"கென்னடி வெள்ளி ரோல்" வாங்குமுன் எடை போடுங்கள்

கென்னடி உருவம் பொறித்த பழைய அமெரிக்க ஹாஃப் டாலரை (அரை டாலர் காசு) ஆன்லைனில் ரோல் கணக்கில், அதாவது காகிதத்தில் சுருட்டிய கட்டாக, வாங்குபவர்கள் கவனிக்க. ஒருவருக்கு வந்த ரோல் இப்படி இருந்தது: 20 காசு, முகமதிப்பு 10 டாலர். இரு முனைகளிலும் பளிச்சென்று 1964. பிரித்துப் பார்த்தால் நடுவிலிருந்த 18 காசும் 1967, 1968. விற்றவரிடம் கேட்டதற்கு, "வெள்ளி என்றுதான் போட்டிருந்தேன், அதுவும் வெள்ளிதானே? ரோலைப் பிரித்த பிறகு திரும்ப எடுக்க மாட்டோம்" என்று கைகழுவிவிட்டார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, சிக்கலே அங்குதான். 1964 வரையிலான ஆண்டு பொறித்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), ஹாஃப் டாலர் மூன்றும் 90% வெள்ளி. 1965 சட்டத்துக்குப் பிறகு டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளியே கிடையாது. ஹாஃப் டாலரில் மட்டும் 1970 வரை 40% விட்டுவைத்தார்கள். 1964 ஹாஃப் டாலரில் 0.3617 ட்ராய் அவுன்ஸ் (வெள்ளியை நிறுக்கும் அவுன்ஸ், சுமார் 31.1 கிராம்) வெள்ளி, 1965–70 காசில் வெறும் 0.1479. அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், முழு 90% ரோலின் வெள்ளி மதிப்பு ஏறக்குறைய 217 டாலர். மேலே சொன்ன ரோலுக்கு 102கூடத் தேறாது. பாதிக்கு மேல் போச்சு.

இதைப் பிடிக்க ரோலைப் பிரிக்கவே வேண்டாம், சமையலறைத் தராசு போதும். 1964 காசு ஒன்று 12.5 கிராம், 20 சேர்ந்தால் 250. தேய்மானத்தில் ஓரிரு கிராம் குறையலாம். 40% காசு 11.5 கிராம்தான், அதனால் இரண்டு 1964-உம் பதினெட்டு 40% காசும் கலந்த மேற்படி ரோல் 232 காட்டும். 1971 முதல் வந்த செப்பு-நிக்கல் காசு 11.34 கிராம். 40 சதவீதத்துக்கும் இதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் தெரியாது, விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்: செப்பு-நிக்கலில் பழுப்புக் கோடு தெளிவாக ஓடும், 40 சதவீதத்தில் மங்கலாக இருக்கும், 90 சதவீதத்தில் விளிம்பு முழுக்க வெள்ளை. பணம் கட்டுமுன் ரோலைத் தராசில் வைத்த படம் கேளுங்கள். சாக்குப்போக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். பார்சல் வந்ததும் முதலில் எடை போட்டு வீடியோ எடுங்கள், பிறகு பிரித்துப் பாருங்கள்.

விற்கப் போகும்போது வேறு மாதிரி வெட்டுவார்கள். "முகமதிப்புக்கு ஐந்து மடங்கு தருகிறோம்" என்று பெரிதாகச் சொல்வார்கள். 90% காசில் 1 டாலர் முகமதிப்புக்கு, தேய்மானம் போக, 0.715 அவுன்ஸ் வெள்ளி. அதே 30 டாலர் விலையில் இருபத்தொரு மடங்குக்கு மேல் வருகிறது! கடைக்காரர் லாபம் கழித்துக் கொஞ்சம் குறைத்துக் கேட்பது நியாயம், ஐந்து மடங்கு பகல் கொள்ளை. தராசு என்ன அலகில் ஓடுகிறது என்றும் பாருங்கள். பென்னிவெயிட் என்ற எடை அலகு 1.555 கிராம். பென்னிவெயிட்டில் நிறுத்து, கிராம் விலை போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மோர்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க ஒரு டாலர் வெள்ளிக் காசில் போலிதான் பெரிய தொல்லை. அசல் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டவில்லை என்று நம்பிவிடாதீர்கள், செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. எடை சரியாக இருந்தாலும் தண்ணீரில் சோதியுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அசலுக்கு 2.6 கிராமை ஒட்டி வரும். 3 அல்லது அதற்கு மேல் காட்டினால் உள்ளே செம்போ பித்தளையோதான். ஆண்டையும் பாருங்கள்: 1905 முதல் 1920 வரை மோர்கன் அடிக்கவே இல்லை. பழைய மோர்கன்களில், கார்சன் சிட்டி நாணயச் சாலையின் "சிசி" (CC) முத்திரை 1878–85, 1889–93 காசுகளில் மட்டுமே உண்டு. 1887 சிசி என்று யாராவது நீட்டினால் தராசை எடுக்கும் வேலைகூட மிச்சம்.