கரைவலையை யார் பெயரில் எழுதுவது?

ஜூன் பிறந்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரே விசாரிப்பு: மத்தி வந்துவிட்டதா? கூட்டம் கரையை ஒட்டியதும் கரைவலை இறங்கும். முதல் பெட்டிக்குத் தங்க விலை. வரத்து பெருகினால் கேட்பாரில்லை.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதன்பின் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தவர்களில் சிலர், ஒப்பந்தம் முடிந்ததும் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பாமல் டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரி தீவில் குடியேறி வலை இழுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீவு கடற்படைக்குப் போயிற்று. 1961இல் அங்கேயே இந்தியருக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். மீனவரை வெளியேற்றிய தீவுக்கு அவர்கள் இனத்துப் பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போன வேடிக்கை அது. பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பலரைக் கடலை விட்டே உள்ளே, சாட்ஸ்வர்த் போன்ற இடங்களுக்குத் தள்ளியது.

இந்த மரபைக் காக்க, இன்று மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது தனியாள் உரிமம். 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டப்படி மீன்பிடி உரிமை அதிகபட்சம் 15 ஆண்டு. அப்புறம் அரசுக்கே திரும்பிவிடும். பொறுப்பு ஒருவர் தலையில் இருப்பதால் கண்காணிப்பது எளிது. வலைக்கும் படகுக்கும் முதல் போடவும் ஆள் இருக்கும். ஆனால் கரைவலை ஒற்றை ஆளால் இழுபடும் பொருளா? கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் பங்கு என்பதுதான் தொழிலின் உயிர். உரிமத்தாளில் உரிமையாளருக்கு மட்டுமே இடம், பங்காளிகள் கூலிகளாகிவிடுகிறார்கள்.

இரண்டாவது கூட்டுறவுச் சங்கம். மேற்குக் கேப் மீனவர் தொடுத்த வழக்கில் 2007இல் வந்த உத்தரவு 2012ஆம் ஆண்டின் சிறுமீனவர் கொள்கைக்கு வழிவிட்டது; 2014இல் சட்டமும் திருத்தப்பட்டது. உரிமை சமூகத்துக்குக் கூட்டாகக் கிடைக்கிறது. நம் பங்கு முறைக்கு மிக நெருங்கியது இதுதான். குறை, சங்க விதிகளும் பதிவேடுகளும் அலுவலகத்தில் தைத்த சட்டை. எல்லோர் உடம்புக்கும் பொருந்தாது.

மூன்றாவது, வழக்காற்று உரிமை. கிழக்குக் கேப்பின் ட்வேசா-ச்வேபே கரையில் மீன்பிடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஹோபெனி ஊர்ப் பூர்வகுடி மக்களின் உரிமையை 1998 சட்டம் அழித்துவிடவில்லை என்று 2018இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு, நமக்கு எட்டாத கனி. கப்பலில் வந்தவர்களின் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கத்தை நீதிமன்றம் அந்தத் தராசில் வைக்கும் என்று நான் நம்பவில்லை.

1999ஆம் ஆண்டின் மரபுச் செல்வச் சட்டம், வாழும் மரபில் தொழில் திறன்களையும் சேர்க்கிறது. பதிவேட்டில் ஏற்றலாம், சட்டிக்கு மீன் வராது.

என்னைக் கேட்டால் சங்கத்துக்கே கை தூக்குவேன், இரண்டு நிபந்தனைகளோடு. பங்கு விதியை வலை இழுப்பவர்களே எழுத வேண்டும். முகவரி சாட்ஸ்வர்த் என்பதற்காக யாரையும் கடலோரச் சமூகத்தவர் அல்லர் என்று தள்ளக் கூடாது. அங்கே அனுப்பியதும் அரசுதான்.