நாற்காலி நாலு, வேலை ஒருவருக்கு: விண்கப்பல் கேம்களில் மாலுமிகள்

விண்கப்பல் கட்டும் மல்டிபிளேயர் கேம்களுக்குள் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆசைதான். நாலு பேர் சேர்ந்து பெரிய கப்பலாகக் கட்ட வேண்டும்; ஒருவர் ஓட்ட, ஒருவர் சுட, ஒருவர் ரியாக்டரைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் கேப்டனாக அதட்ட வேண்டும். கட்டுவதெல்லாம் ஜோராக நடந்துவிடும். முதல் சண்டையில் பார்த்தால் ஓட்டுகிறவருக்கு மட்டுமே வேலை. மற்ற மூவரும் டிக்கெட் எடுக்காத பயணிகள்.

பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) எத்தனை நாற்காலி போட முடியும் என்று பார்த்து ஒரு கேமைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யமுடியாத வேலை எதையாவது அந்த கேம் மிச்சம் வைத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஸ்பேஸ் என்ஜினியர்ஸ் ஒரு விசித்திரமான கேஸ். 2013-ல் எர்லி ஆக்சஸாக (முழுமையடைவதற்கு முன்பே விற்பனைக்கு) வந்து 2019-ல் முழுமையடைந்த இந்த கேமில் கப்பல் கட்டும் சுதந்திரம் அபாரம். ஆனால் கட்டி முடித்த கப்பலின் எல்லாப் பொத்தான்களும் காக்பிட்டில் இருப்பவரின் டூல்பாரில் வந்து உட்கார்ந்துவிடும். டரெட் (சுழலும் பீரங்கி) தானே குறிபார்க்கும், தானே சுடும். குண்டு கன்வேயர் (பொருள்களைக் கடத்தும் குழாய்) வழியாகத் தானே போய்ச் சேரும். 2022-ல் வந்த கஸ்டம் டரெட் கன்ட்ரோலர், நாமே ரோட்டரும் (சுழலும் அச்சு) ஹிஞ்சும் (கீல்) வைத்துச் செய்த பீரங்கியைக்கூடத் தானாகக் குறிபார்க்க வைத்தது. 2023-ல் வந்த, கப்பலைத் தானே ஓட்டும் ஏஐ பிளாக்குகள் பைலட்டையே வீட்டுக்கு அனுப்பின. சி ஷார்ப் என்ற நிரல்மொழி தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் மிச்சத்தையும் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு அப்டேட்டும் தனியாக ஆடுபவருக்குப் பரிசு, மாலுமிகளுக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ்.

அங்கே தப்பிப் பிழைத்திருக்கும் ஒரே பதவி பழுது பார்ப்பவர். இடப்பக்கம் அடி விழுகிறது. ஹைட்ரஜன் போகும் கன்வேயர் குழாய் ஒன்று அறுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் உள்ள த்ரஸ்டர்கள் (கப்பலை உந்தும் எஞ்சின்கள்) எல்லாம் அணைந்துவிடும். பைலட்டுக்குத் தெரிவதெல்லாம் கப்பல் ஒரு பக்கம் சரியாக நகர மறுக்கிறது என்பதுதான். ஒட்டும் கருவியான வெல்டரும், இன்டீரியர் பிளேட், சின்ன ட்யூப், மோட்டார் போன்ற உதிரிகளும் எல்லாம் பையில் திணித்துக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடி, கவசத்துக்குப் பின்னால் எந்தத் துண்டு போயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். இதைக் காக்பிட்டிலிருந்து செய்ய வழியே இல்லை. இந்த கேமில் ஒரு மாலுமி தன்னை மாலுமியாக உணரும் நேரம் இது ஒன்றுதான்.

அதிலும் ஒரு வில்லங்கம். வினாடிக்கு 100 மீட்டர் வரை பாயும் கப்பலுக்குள், சர்வர் திணறும் நேரத்தில், எழுந்து நடப்பது உயிருக்கு ஆபத்து. சுவரில் மோதிச் சாகலாம், சுவரைத் தாண்டி வெளியிலும் போய் விழலாம். இதையெல்லாம் 'கிளாங்' என்ற தெய்வத்தின் கோபம் என்று ஆட்டக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அனுபவசாலிகள் இருக்கையை விட்டு எழுவதில்லை. எழாத என்ஜினியர் இருந்தென்ன, இல்லாமலென்ன?

எம்பிரியன் என்ற கேமும் கிட்டத்தட்ட இதே ரகம். டரெட்டை ஒருவர் கையில் எடுத்துச் சுடலாம்தான். ஆனால் அது தானாகவே சுடும்போது யார் மெனக்கெடுவார்கள்?

மாலுமிகளை ஆட்டக்காரர்களிடம் கேட்காமல் கேமே கொடுத்துவிட்டால் என்ன என்பது அவோரியன், காஸ்மோட்டியர் என்ற இரு கேம்களும் பிடித்த வழி. 2020-ல் முழுமையாக வெளிவந்த அவோரியனில் என்ஜினியர், மெக்கானிக், கன்னர் என்று ஆள் எடுக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், தங்க இடம் கட்ட வேண்டும். நல்ல கணக்குதான். ஆனால் கணக்கு மட்டும்தான். அந்த ஆட்களை நீங்கள் ஒரு பட்டியலில் எண்களாகப் பார்ப்பீர்களே தவிர, கப்பலுக்குள் நடமாடிப் பார்க்க மாட்டீர்கள். நண்பர்களோடு ஆடினால் பெரும்பாலும் ஆளுக்கொரு கப்பல். கப்பற்படை நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரி. நமக்கு வேண்டியது அதுவல்ல.

2022-ல் எர்லி ஆக்சஸுக்கு வந்த காஸ்மோட்டியர் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மேலிருந்து பார்க்கும் இருபரிமாண கேம். சின்னஞ்சிறு மாலுமிகள் ரியாக்டரிலிருந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு லேசருக்கு ஓடுவார்கள். தொழிற்கூடத்திலிருந்து குண்டைத் தூக்கிக்கொண்டு பீரங்கிக்கு ஓடுவார்கள். நடைபாதை நீளமானால் சுடும் வேகம் குறையும். சரி என்று ரியாக்டரைப் பீரங்கிக்குப் பக்கத்திலேயே வைத்தால், எதிரி அதை உடைக்கும்போது அது வெடித்துப் பீரங்கியையும் சேர்த்துக் கொண்டுபோகும். மாலுமியின் காலடித் தூரம் கப்பலின் வடிவத்தைத் தீர்மானிக்கிற கேம் என்று இதைத்தான் சொல்வேன். ஸ்பேஸ் என்ஜினியர்ஸில் நடைபாதை அழகுக்கு, இங்கே உயிருக்கு. குறை ஒன்றே: ஓடுவது நாம் அல்ல.

நாமே ஓட வேண்டுமென்றால் பரோட்ராமா என்ற கேம். அது விண்கப்பலே இல்லை, நீர்மூழ்கி என்று யாராவது சொல்லலாம். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் ஓடும் நீர்மூழ்கி அது. வெற்றிடத்துக்குப் பதில் தண்ணீர் என்பதைத் தவிர, இங்கே கேட்கும் எதுவும் அதில் குறைவில்லை. 16 பேர் வரை ஆடலாம். கேப்டன், என்ஜினியர், மெக்கானிக், பாதுகாவலர், மருத்துவர் என்று பதவிகள். முக்கியமான விஷயம், வேலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. கேப்டன் வேகத்தைக் கூட்டினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். என்ஜினியர் ரியாக்டரின் பிளவு விகிதத்தையும் டர்பைனையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும். திடீரென்று கேப்டன் நிறுத்தினால் உபரி மின்சாரம் ஜங்ஷன் பாக்ஸ்களை (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டிகளை) பதம் பார்த்து, எங்கோ ஒரு அறையில் தீப்பிடிக்கும். அங்கே அணைக்க ஓடுகிறவர், பெரிஸ்கோப்பில் கண் வைத்துப் பீரங்கியைப் பிடித்திருந்தவராக இருந்தால் போச்சு. குண்டையும் யாராவது கையால்தான் நிரப்ப வேண்டும். இதில் கத்தல் இல்லாமல் ஒரு பயணம் முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

விலையும் உண்டு. கட்டுவது இங்கே தனி எடிட்டரில் நடக்கிற வேலை. பயணத்தின் நடுவே ஒயரிங்கை மாற்றலாம். ஆனால் புது அறை ஒன்றைச் சேர்க்க முடியாது. பல்சார்: லாஸ்ட் காலனி, வாய்டு க்ரூ என்ற கேம்கள் கட்டும் விஷயத்தில் இன்னும் ஒருபடி கீழே. முன்னது ஐந்து பேருக்கு, பின்னது நாலு பேருக்கு. பதவிப் பங்கீடு இரண்டிலும் நன்றாக இருக்கும், ஆனால் கப்பலை நீங்கள் வடிவமைக்க மாட்டீர்கள், பாகங்களை மாற்றுவீர்கள், அவ்வளவுதான்.

ஆக, கூட்டத்தில் ஐந்தாறு பேர் இருந்து, சேர்ந்து பதறுவதுதான் வேண்டும் என்றால் யோசிக்காமல் பரோட்ராமா. இரண்டு மூன்று பேர்தான் என்றாலும் பாட்கள் (கேமே இயக்கும் மாலுமிகள்) மீதியைச் சமாளிக்கும், கொஞ்சம் மந்தமாக. கட்டும் சுகத்தை விடமுடியாதவர்கள் ஸ்பேஸ் என்ஜினியர்ஸிலேயே இருந்துகொண்டு, அது பறித்த வேலைகளைத் தாங்களே திருப்பிக் கொடுக்கலாம். டரெட்டின் தானியங்கிக் குறியை அணைத்துவிடுங்கள். அதற்குப் போகும் கன்வேயரை வெட்டிவிடுங்கள். டரெட்டுக்குள் கையால் குண்டு போட வழி இருக்கிறது. ஸ்கிரிப்ட் கூடாது என்று சர்வரிலேயே தடுத்துவிடுங்கள். எதிரணியும் இதே விதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே கதை முடிந்துவிடும்.