மணற்கல்லின் வயதை யாரிடம் கேட்பது: பச்சை மணியிடமா, சிர்கானிடமா?

தில்லி செங்கோட்டைச் சுவரில் கை வைத்தால் விந்திய மணற்கல்லைத் தொடுகிறோம். அதற்குள் பொட்டாசியமும் யுரேனியமும் இன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டிருக்கின்றன. யாருக்கும் கெடுதல் செய்யாத மெலிந்த கதிரியக்கம்தான். ஆனால் கல்லின் வயதைக் கணக்கிட அது போதும். எந்தக் கனிமத்தின் கணக்கை நம்புவது என்பதுதான் கேள்வி.

முதலில் கிளாக்கோனைட். கைலென்ஸில் பார்த்தால் வெளிறிய குவார்ட்ஸ் மணலுக்கு நடுவே பாசிப்பயறு நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். மணல் படிந்த காலத்தில் கடலடியிலேயே உருவானவை, அதனால் இவை சொல்வது அந்தக் கல்லின் சொந்த வயது. இதிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் (பொட்டாசியம்-40) பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும்; சிதைவதில் பத்தில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாக மாறும். கல் பிற்பாடு கொஞ்சம் சூடுபட்டாலும் அந்த வாயு கசிந்துவிடும். அப்புறம் கல் தன் வயதைக் குறைத்துத்தான் சொல்லும்.

சிர்கான் என்ற கனிமம் நேர் எதிர். உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை உள்ளே விடாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம் சிதைந்து வந்தது. வெவ்வேறு வேகத்தில் சிதையும் யுரேனியம்-238, 235 என இரண்டு கடிகாரங்கள் இருப்பதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். குறை வேறிடத்தில்: மணலோடு வந்த சிர்கான் வேறெங்கோ பிறந்த வந்தேறி. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறைக்குள் 440 கோடி ஆண்டு சிர்கான் கிடைத்திருக்கிறது.

என் ஓட்டு மூன்றாமவருக்கு: மணற்கல் அடுக்குகளுக்கு இடையே விழுந்த எரிமலைச் சாம்பலின் சிர்கான். அது பிறந்ததும் படிந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். மத்தியப் பிரதேசத்தின் சோர்ஹட் என்ற விந்திய மணற்கல்லில் 100 கோடி ஆண்டுக்கு முந்தைய புழுத்தடம் இருப்பதாக 1998-ல் அறிவித்தார்கள். விந்தியப் பாறைகளுக்கு அதுவரை கைகொடுத்த கிளாக்கோனைட் கணக்குகள் வயதைக் குறைத்தே காட்டி வந்தன. 2002-ல் சாம்பல் சிர்கான்களை அளந்தபோது சுமார் 163 கோடி என்று வந்தது. அவ்வளவு பழைய கல்லில் புழுவா? அந்தத் தடங்களை விலங்குடையவை என்று இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை.

சரி, சாம்பல் கிடைக்காத இடத்தில்? வந்தேறிகளிலேயே இளைய சிர்கானை மேல் வரம்பாகவும், கிளாக்கோனைட்டைக் கீழ் வரம்பாகவும் வைத்துக்கொள்வேன். செங்கோட்டைக் கல் வந்த மேல் விந்தியத்தின் (விந்தியப் பாறைகளின் மேல் அடுக்குகள்) வயது இன்னும் வாதத்தில் இருப்பதற்கு இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெரிதாக இருப்பதும் ஒரு காரணம்.