குளோஸ் டு த எட்ஜா, ரிலேயரா? என் பதில் மாறிவிட்டது

யெஸ் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவில் எந்த அல்பத்தை முதலில் கேட்கலாம் என்று யார் கேட்டாலும் ‘குளோஸ் டு த எட்ஜ்’ என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். லண்டனில் இருந்து வந்த பெரியம்மாவின் மகன் ஒரே கசெற்றில் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் ‘ரிலேயர்’ அல்பத்தையும் பதிந்து தந்திருந்தார். முதல் பக்கம் நாடா தேயும்வரை ஓடியது, மறுபக்கத்தில் ஐந்து நிமிடத்தைக் கூடத் தாண்டியதில்லை. போன மாதம் திருகோணமலை டச்பே கடற்கரையில் ஹெட்போனோடு இருந்து இரண்டையும் அடுத்தடுத்து முழுதாகக் கேட்டேன்.

இசைத்தட்டின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்: முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இரண்டாம் பக்கத்தில் இரண்டு. 1972இல் வந்தது ‘குளோஸ் டு த எட்ஜ்’. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலின் பாதிப்பில் பிறந்த அதன் தலைப்புப் பாட்டு, பறவைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமுமாகத் தொடங்கி, நடுவில் கீபோர்ட்காரர் ரிக் வேக்மன் தேவாலய ஓர்கனை முழங்கவிட்டு, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எங்கேயும் பிசிறு இல்லை. இதில் எனக்கு இன்றும் மறுபேச்சு கிடையாது.

1974இன் ‘ரிலேயர்’ வேறு மாதிரி. வேக்மன் போய்விட்டார், சுவிஸ்காரர் பேட்ரிக் மொராஸ் கீபோர்ட்டில் இருக்கிறார், பதிவு நடந்தது குழுவின் பேஸ் கிற்றார்காரர் கிறிஸ் ஸ்குவையரின் வீட்டில். முதல் பக்கத்துப் பாட்டான ‘கேட்ஸ் ஒஃப் டெலீரியம்’ கிட்டத்தட்ட 22 நிமிடம், டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ தந்த உந்துதலில் எழுந்த ஒரு யுத்தம். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கார்ப் பாகங்களைத் தொங்கவிட்டு அடித்து, கடைசியில் அப்படியே சரித்து விழுத்தியிருக்கிறார்கள், அந்தச் சத்தம் அல்பத்தில் இருக்கிறது. சின்ன டேப்பில் அது காதைக் கிழிக்கும். அந்த நாளில் திருகோணமலையில் இரவில் வெடிச் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று காது கொடுப்போம், பாட்டுக்குள்ளேயும் அதே சத்தம் என்றால் யார் கேட்பார்கள்?

ஆனால் நான் ஒருநாளும் போய்ச் சேராத இடம் ஒன்று அதில் இருந்திருக்கிறது. சுமார் 16ஆவது நிமிடத்தில் எல்லாம் அடங்குகிறது. வென்றவர்களின் முழக்கம் எதுவும் இல்லை. ஸ்டீவ் ஹவ்வின் ஸ்டீல் கிற்றார் ஒரு நீண்ட சுரத்தை இழுக்க, ஜோன் அண்டர்சன் மெதுவாக, கெஞ்சுவது போல, வெளிச்சம் வரும் என்று பாடத் தொடங்குகிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முன்னால் கடல், பின்னால் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எழும்ப மனம் வராமல் அப்படியே இருந்தேன்.

‘ரிலேயர்’ அல்பத்தின் இரண்டாம் பக்கம் சமன் இல்லை. ‘சவுண்ட் சேஸர்’ பாட்டில் வேகம் இருக்கிறது, இளைப்பாற இடம் இல்லை. ‘டு பி ஓவர்’ அருமை. இரண்டாம் பக்கத்தை மட்டும் பார்த்தால் ‘அண்ட் யூ அண்ட் ஐ’ இருக்கும் 1972 அல்பம்தான் வெல்லும், சந்தேகமே இல்லை.

சரி, புதிதாகக் கேட்பவருக்கு இன்றும் ‘குளோஸ் டு த எட்ஜ்’தான் சொல்வேன். ஆனால் எங்கள் ஊரில், அந்தக் காலத்தைக் கடந்து வந்த யாராவது கேட்டால் ‘ரிலேயர்’ என்பேன். ஒன்று மட்டும்: ‘கேட்ஸ் ஒஃப் டெலீரியம்’ பாட்டின் அந்தக் கடைசிப் பகுதியை ‘சூன்’ என்ற பெயரில் 1975இல் தனி சிங்கிளாகவும் விட்டார்கள். அதைத் தனியாகக் கேட்காதீர்கள். முன்னால் நடக்கும் சண்டையைக் கேட்காமல் வந்தால் அது அழகான மெட்டாக மட்டும்தான் இருக்கும்.