ஐயோடாப்பா, ஐயோஸ்டாட்டா: டிஸ்க் விஷயத்தில் யார் பேச்சைக் கேட்பது?

"அண்ணே, டிஸ்க் செத்துடுச்சு போல, 100 சதவீதம் காட்டுது" என்று இரவுப் பணியில் இருந்த தம்பி கூப்பிட்டபோது எனக்கும் பதற்றம்தான். டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பு. எந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எவ்வளவு வாசிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் லினக்ஸ் கருவியான ஐயோடாப்பைத் திறந்தால், டேட்டாபேஸ் விநாடிக்கு 3 எம்பி எழுதிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க்குக்கு உண்மையில் போய்வரும் கோரிக்கைகளை டிஸ்க் வாரியாகக் கணக்கிடும் ஐயோஸ்டாட்டோ விநாடிக்கு 40 எம்பி எழுதப்படுகிறது என்கிறது. வேடிக்கை என்னவென்றால், சர்வர் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு, முதலில் ஐயோஸ்டாட், தேவைப்பட்டால் மட்டும் ஐயோடாப் என்று மாறிவிட்டேன்.

3-க்கும் 40-க்கும் உள்ள இடைவெளியை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் எண்ணும் இடம் வேறு. ஐயோடாப் ஒவ்வொரு பிராசஸின் கணக்கையும் பார்க்கிறது. அங்கே எழுத்து என்பது மெமரியில் ஒரு பக்கம் 'அழுக்கான' (மாற்றப்பட்டு, இன்னும் டிஸ்க்குக்குப் போகாத) கணத்திலேயே பதிவாகிவிடும். அது டிஸ்க்குக்குப் போவது பிற்பாடு: லினக்ஸின் இயல்பு அமைப்பில், 30 விநாடிக்கு மேல் பழசான பக்கங்களை, 5 விநாடிக்கு ஒருமுறை விழிக்கும் கெர்னல் (லினக்ஸின் உள்மையம்) வேலையாள் எடுத்துப்போய்க் கொட்டுவான். லாக் கோப்புகளைச் சுருக்கும் வேலை ஒன்று மளமளவென்று எழுதிவிட்டு, நான் பார்ப்பதற்குள் முடிந்து போயிருந்தது. செய்தவன் கிளம்பிவிட்டான், மூட்டை இப்போதுதான் இறங்குகிறது. இத்தனைக்கும் ஐயோடாப்பின் தலைப்பில் 'டோட்டல்' வரிக்குக் கீழே 'ஆக்சுவல்' என்று இன்னொரு வரி இருக்கிறது. அதில் 40-தான் இருந்தது. என் கண் அங்கே போகவில்லை.

யார் செய்கிறார்கள் என்று பெயர் சொல்ல ஐயோடாப் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் 5.14 கெர்னலிலிருந்து, பிராசஸ் எவ்வளவு நேரம் டிஸ்க்குக்காகக் காத்திருந்தது என்ற கணக்கு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. டாஸ்க்-டிலேஅக்ட் என்ற கெர்னல் அமைப்பை நாமே ஏற்றிவிடாவிட்டால் ஐயோடாப்பின் மிக உபயோகமான பத்தி ஒன்றுக்கும் ஆகாது.

இனி அந்தச் சிவப்பு 100. எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது இதுதான்.

அந்த எண்ணுக்கு ஐயோஸ்டாட்டில் 'யுடில்' என்று பெயர். டாஷ்போர்டும் அதே கெர்னல் கணக்கிலிருந்துதான் எடுக்கிறது. டிஸ்க்கின் கொள்ளளவில் எத்தனை பங்கு தீர்ந்தது என்று அது சொல்வதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், அந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் குறைந்தது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்தது என்பதுதான் அது. ஒன்று நின்றாலும் நூறு நின்றாலும் அதற்கு ஒன்றே. சுழலும் டிஸ்க் ஏறக்குறைய ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் என்பதால் அங்கே இது சரியாகவே பொருந்தியது. சாட்டா எஸ்எஸ்டி 32 கோரிக்கைகள் வரை வரிசையில் வாங்கிக்கொள்ளும், அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதைவிட எத்தனையோ மடங்கு. அங்கே 100 சதவீதம் என்றால் சும்மா இருக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். ஐயோஸ்டாட்டின் மேனுவல் பக்கமே இதை எச்சரிக்கிறது.

அன்று இரவு ஐயோஸ்டாட்டை எக்ஸ் ஆப்ஷனோடு ஓடவிட்டபோது வாசிப்புப் பக்கம் இப்படி இருந்தது: விநாடிக்குச் சுமார் 2,500 கோரிக்கைகள், ஆர்-அவெயிட் (ஒரு வாசிப்புக் கோரிக்கை முடிய ஆகும் சராசரி நேரம்) 0.4 மில்லிவிநாடி. பெருக்கினால் 2,500 × 0.0004 = 1. அதாவது சராசரியாக ஒரே ஒரு கோரிக்கை. வரிசை நீளத்தைக் காட்டும் ஏக்யூ பத்தியும் 1-ஐச் சற்றே தாண்டித்தான் நின்றது. பேக்கப்பைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட், ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. கடையில் எப்போதும் ஓர் ஆள் நிற்கிறார், ஆனால் கல்லாக்கள் நிறைய காலி. டிஸ்க் உண்மையிலேயே திணறினால் வரிசை நீளும், அவெயிட் கூடவே ஏறும். அவெயிட்டில் வரிசையில் நின்ற நேரமும் சேர்ந்திருப்பதால், அப்ளிகேஷனுக்கு வலிப்பது அதுதான்.

எவ்வளவு அவெயிட் அதிகம் என்பது டிஸ்க்கைப் பொறுத்தது. 7,200 ஆர்பிஎம் டிஸ்க்கில் பாதிச் சுற்றுக்கே 4 மில்லிவிநாடி போய்விடும், ஆக 10 வந்தால் பயமில்லை. அதே 10 என் என்விஎம்இயில் வந்தால் எழுந்து உட்காருவேன். கிளவுடில் நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்குகளை நான் சில மாதங்களே கையாண்டிருக்கிறேன். அங்கே வரம்பு வைக்க என் எண்களை நம்ப வேண்டாம், ஒரு வாரம் ஓடவிட்டு உங்கள் சராசரியைப் பாருங்கள்.

ஐயோஸ்டாட்டிலும் இடறும் இடங்கள் உண்டு. முதலில் வரும் அறிக்கை சர்வர் பூட் ஆனதிலிருந்தான சராசரி, அதைத் தள்ளிவிடுங்கள். எல்விஎம் (டிஸ்க்குகளின் மேல் மெய்நிகர் டிஸ்க்குகளை அமைக்கும் அடுக்கு) இருந்தால், அந்த மெய்நிகர் டிஸ்க்கைக் காட்டும் டிஎம் வரியையும் அடியிலுள்ள டிஸ்க் வரியையும் கூட்டாதீர்கள், ஒரே வேலை இரண்டு முறை எண்ணப்படும்.

இப்போது எங்கள் அலர்ட் அவெயிட்டின் மேல்தான்: வழக்கத்தைவிடப் பலமடங்கு ஏறி 5 நிமிடம் நீடித்தால் மட்டும் போன் அடிக்கும். யுடில் வரைபடம் டாஷ்போர்டின் கடைசி மூலையில் இன்னும் இருக்கிறது. பேக்கப் நேரத்தில் தினமும் சிவக்கிறது, தம்பி அதைப் பார்த்து இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை.