ஒளிவிழாவுக்கு நாடகமா, குறும்படமா?

மார்கழி நெருங்கினால், கிறிஸ்மஸை ஒட்டி நடத்துகிற ஒளிவிழாவைப் பற்றி, கொழும்பில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்துக் கோவில் இளையோர் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்துவிடும். குறும்படத்துக்கு ஒரு கைபேசியும் எடிட்டிங் தெரிந்த பிள்ளையும் போதும். டுபாயில் இருக்கிற மாமாவும் வாட்ஸ்அப்பில் பார்ப்பார். ஆனால் நாலு பேரோடு வேலை முடிந்துவிடும்.

நாடகம் அப்படியில்லை. இடையர்களுக்குச் சாரம் கட்டிவிட ஒருவர், தேவதூதரின் இறக்கைக்குப் பஞ்சு ஒட்ட அன்ரிமார், வசனம் மறந்த ஏரோது அரசனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க ஒரு ரீச்சர். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் இருந்தால், தாத்தா கூத்து மெட்டில் நாலு வரி சொல்லியும் தருவார். மைக் கரகரக்கும், அது கட்டாயம்! ரியூஷன் வகுப்புகளுக்கு நடுவே ஒத்திகை வைப்பதுதான் பெரிய தலையிடி.

என்றாலும் என் வாக்கு நாடகத்துக்கே. குறும்படத்தை ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: இயேசுவின் பாடுகளை நினைக்கிற சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் 14 குடும்பங்கள் எடுக்கட்டும்.