ஏழு பேரு, ரெண்டு சட்டி: சூரிச்ல ஒரு ஃபாண்டூ ராத்திரி

எல்லார் வீட்லயும் அப்பா அம்மா மே மாசம் வருவாங்க, எங்கம்மா கரெக்டா நவம்பர் குளிர்ல வந்து மாட்டிக்கிட்டாங்க. ஊருக்கு கிளம்பறதுக்குள்ள இந்த ஊரு சாப்பாடு என்னன்னு ஒரு தடவை பாத்துடறேன்னு அவங்களே சொன்னதால போன சனிக்கிழமை நீடர்டோர்ஃப் சந்துக்குள்ள இருக்கற ஒரு ஃபாண்டூ கடைக்கு போனோம். நான், வொய்ஃப், அம்மா, சரக்கு பக்கமே போகாத ஆபீஸ் ஃப்ரெண்டும் அவன் வொய்ஃபும், அப்புறம் பெர்ன்லேர்ந்து வந்த யாழ்ப்பாணத்து அண்ணனும் அக்காவும், ஆக மொத்தம் ஏழு. கடை பேரு போடல, திட்ட வேண்டியது கொஞ்சம் இருக்கு.

தெரியாதவங்களுக்கு, ஃபாண்டூன்னா ஒரு கனமான சட்டில சீஸை வெள்ளை வைன் ஊத்தி உருக்கி, அடியில சின்ன பர்னர் வெச்சு டேபிளுக்கே கொண்டு வந்துடுவாங்க, நீளமான முள்கரண்டில பிரெட் துண்டை குத்தி அதுல முக்கி சாப்பிடணும், அவ்ளோதான். நாங்க வாங்கினது மோத்தியே மோத்தியே, அதாவது பாதி க்ரூயேர் பாதி வாஷ்ரன்னு ரெண்டு வகை சீஸ். சட்டில முதல்ல பூண்டை தேச்சுட்டு, வைன், கொஞ்சம் கார்ன்ஃப்ளார், கடைசில கிர்ஷ்னு ஒரு செர்ரி சாராயம், மிளகு, ஜாதிக்காய். வைன்ல இருக்கற புளிப்புதான் சீஸை திரிஞ்சு போகாம வெச்சிருக்கும், அது வெறும் டேஸ்டுக்கு இல்ல.

இங்கதான் நம்மாளுங்க குரூப்பா போனா தலைவலி ஆரம்பிக்குது. அம்மா சுத்த சைவம். மெனுல ஃபாண்டூ பக்கத்துல பச்சை இலை படம் போட்டிருந்தாங்க, ஆனா க்ரூயேர் சீஸுக்கு பாலை உறைய வைக்கறது கன்னுக்குட்டியோட இரைப்பைலேர்ந்து எடுக்கற ரென்னட்தான். பரிமாறின பையன்கிட்ட கேட்டா "சீஸ்தானே, சைவம்தான்"னு அடிச்சு சொல்றான். எனக்கு முன்னாடியே தெரிஞ்சதால அம்மாகிட்ட வீட்லயே சொல்லிட்டேன். "அதுக்கு கன்னுக்குட்டிய கொல்றாங்களா?"ன்னு கேட்டாங்க, கறிக்கு வெட்டற கன்னுக்குட்டிலேர்ந்துதான் எடுக்கறாங்கன்னேன், அப்ப எனக்கு வேற ஏதாவது சொல்லிடுன்னு முடிச்சுட்டாங்க. உருளைக்கிழங்கை துருவி வெண்ணெய்ல முறுகலா வறுத்த ரோஷ்டி சொன்னோம், சூப்பரா இருந்துச்சு, உண்மைய சொன்னா அன்னிக்கு டேபிள்ல பெஸ்ட் ஐட்டம் அதுதான். ஆனா விஷயம் தெரியாம அந்த இலை படத்தை நம்பி எத்தனை பேரு சாப்பிட்டிருப்பாங்க, அதை கடைக்காரங்க முதல்ல எடுக்கணும்.

ஃப்ரெண்டுக்கு வைன் பிரச்சனை. கொதிச்சா ஆல்கஹால் போயிடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, முழுசா போகாது, அதுவும் கிர்ஷை கடைசிலதான் ஊத்தறாங்க. அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, வாஷ்ரன் மட்டும் போட்டு செய்யற ஃப்ரிபூர் ஸ்டைல் ஃபாண்டூ, அதுல வைனுக்கு பதிலா தண்ணிதான், கொதிக்க விடாம மெல்லிசான சூட்டுலயே உருக்கி, பிரெட்டோட வேகவெச்ச உருளைக்கிழங்கையும் தொட்டு சாப்பிடுவாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் அது ஒரு சட்டி (ரெண்டு பேருக்கு கம்மியா தரமாட்டாங்க), மீதி நாலு பேருக்கு ஒரு சட்டி. நாலு பேருக்கு மேல ஒரே சட்டில உக்காராதீங்க, கையும் எட்டாது, ஃபோர்க்கும் ஃபோர்க்கும் சண்டை போட்டுக்கும்.

சட்டி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் ஒரே சட்டில விட்டா எச்சில் இல்லையா?" நியாயமான கேள்வி. ஃபோர்க்ல உதடு படக்கூடாது, பல்லால பிரெட்டை மட்டும் இழுத்துக்கணும், இல்ல தட்டுல தள்ளிட்டு வேற ஃபோர்க்ல சாப்பிடணும், இதான் இங்க மரியாதைன்னு சொன்னேன். அடுத்த நிமிஷமே என் வொய்ஃப் ஃபோர்க்கை லாலிபாப் மாதிரி சப்பிட்டு திரும்ப முக்கினா, அம்மா ஒண்ணும் சொல்லல, பாத்தாங்க, அவ்ளோதான். பிரெட்டை தோல் இருக்கற பக்கம் வரைக்கும் ஆழமா குத்தணும், இல்லன்னா சட்டிக்குள்ள விழுந்துடும், விழுந்தா ஒரு ரவுண்டு வைன் வாங்கித் தரணும்னு ஒரு பழக்கம். அண்ணன் ரெண்டு தடவை விட்டாரு, ரெண்டு தடவையும் அது விதில வராதுன்னு வாதாடினாரு.

குடிக்க என்னன்னு கேட்டப்ப நான் தண்ணின்னேன். "தம்பி, இதோட குளிர் தண்ணி குடியாதேங்கோ, சீஸ் வயித்துக்க கட்டியாப் போயிடும் எண்டு இஞ்ச சொல்லுவினம்"னாரு அண்ணன். இந்த ஊர்க்காரங்க இதோட குடிக்கறது வெள்ளை வைன், இல்லன்னா பிளாக் டீ தான். 2010ல சூரிச் யுனிவர்சிட்டி ஹாஸ்பிட்டல் டாக்டருங்க இதை ஒரு ஆராய்ச்சியாவே பண்ணிட்டாங்க, 20 பேருக்கு ஃபாண்டூ குடுத்து வைன், டீ, சாராயம்னு மாத்தி மாத்தி குடுத்து பாத்ததுல, சரக்கு சேர்ந்தாதான் வயிறு காலியாக லேட்டாகுதாம். நான் டீயே வாங்கிக்கிட்டேன், ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் 11 ஃப்ராங்க் போட்டிருந்ததும் ஒரு காரணம்.

டேஸ்ட் பத்தி ஒளிக்காம சொல்றேன், முதல் பத்து துண்டு சொர்க்கம், பதினஞ்சாவது துண்டுல திகட்ட ஆரம்பிச்சுடும். ஒரு ஆளுக்கு 200 கிராமுக்கு மேல சீஸ், சும்மாவா. கூட வர்ற குட்டி வெள்ளரி ஊறுகாயும் வெங்காய ஊறுகாயும் இல்லன்னா தாண்டவே முடியாது, மிளகு மில்லை நாங்க நாலு பேரும் சுத்தின சுத்துல அது காலியே ஆயிடுச்சு.

இப்ப திட்டு. பாதில எங்க பர்னர் அணைஞ்சு போச்சு. கைய தூக்கினோம், கூப்பிட்டோம், இதோ இதோன்னு இருபது நிமிஷம், அதுக்குள்ள சீஸ் இறுகி சப்பாத்தி மாவு மாதிரி ஆயிடுச்சு, ஃபோர்க்கை தூக்கினா சட்டியே கூட வருது. கடைசில புது பர்னரும் கொஞ்சம் வைனும் கொண்டு வந்து வெச்சுட்டு ஒரு சாரி கூட சொல்லாம போயிட்டான். நாங்க ஆளாளுக்கு கிண்டினோம், தனித்தனியா எண்ணெய் பிரிஞ்சு நிக்குது. அம்மா பொறுக்க முடியாம "தள்ளு"ன்னு ஃபோர்க்கை வாங்கி, தான் ஒரு துண்டு கூட சாப்பிடாத சீஸை அல்வா கிண்டற மாதிரி அடி வரைக்கும் விட்டு எட்டு போட்டு கிண்டினாங்க, அஞ்சு நிமிஷத்துல பழையபடி பளபளன்னு சேர்ந்துடுச்சு. பக்கத்து டேபிள் தாத்தா ஒருத்தரு எழுந்து நின்னு தலையாட்டினாரு, இங்கயும் எட்டு வடிவத்துலதான் கிண்டணுமாம்.

கடைசில சட்டி அடில ஒரு பொன்னிற தோல் மிஞ்சும், ரெலிஜியூஸ்னு பேரு, அதுக்குத்தான் அடிதடி. அம்மா எட்டிப் பாத்துட்டு "வெண்ணெய் காய்ச்சின கசண்டுடா இது"ன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, சின்ன வயசுல நானும் என் கூடப்பொறந்த அக்காவும் அதுக்கு சண்டை போட்ட மாதிரியே அதை நாலா உடைச்சு பங்கு வெச்சதும் அவங்கதான்.

பில் ஆளுக்கு 32 ஃப்ராங்க் ஃபாண்டூ, ரெண்டாவது பிரெட் கூடைக்கு தனியா 4, அணைஞ்ச பர்னருக்கு தள்ளுபடி பூஜ்யம். சீஸுக்கு அஞ்சுக்கு நாலு, கவனிப்புக்கு ஒண்ணரை, அதுவும் ரோஷ்டிக்காக. போறவங்க நல்ல கோட்டு போட்டுட்டு போகாதீங்க, ட்ராம்ல எங்க பக்கத்துல உக்காந்த பொண்ணு அடுத்த ஸ்டாப்லயே எழுந்து நின்னுடுச்சு. இன்னிக்கு புதன்கிழமை, அம்மாவோட ஸ்வெட்டர் இன்னும் பால்கனிலதான் தொங்குது.